மணிக்கூண்டு எமிமா தவறவிட்ட அடி

நெடுஞ்செவலுக்கு வருகிற வெளியூர்க்காரர்களிடம் ஊர்க்காரர்கள் முதலில் தங்கள் குளத்தைப் பற்றிச் சொல்வார்கள், குளத்தில் தண்ணீர் இல்லாத வருஷங்களில் முப்பிடாதி அம்மன் கோயில் கொடைத் திருவிழாவைப் பற்றிச் சொல்வார்கள், இரண்டையும் கேட்ட பிறகும் எழுந்து போகாதவர்களுக்கு எமிமாவைப் பற்றிச் சொல்வார்கள். எமிமா ராகதீபம் மெல்லிசைக் குழுவின் டிரம்மர். வயது நாற்பத்து மூன்று. டவுன் பஸ் ஓட்டும் ஞானசிகாமணியின் மனைவி. பத்தொன்பது வருஷமாக மேடையேறி வாசிக்கிறவள், அந்தப் பத்தொன்பது வருஷத்தில் ஓர் அடியைக்கூட முந்தியும் போட்டதில்லை பிந்தியும் போட்டதில்லை என்பதால் ஊர் அவளுக்கு மணிக்கூண்டு என்று பேர் வைத்திருந்தது. பஜாரில் நிஜமான மணிக்கூண்டும் ஒன்று உண்டு. அது நெடுங்காலமாக மூணேகாலில் நின்றுவிட்டதால், பேர் சும்மா கிடக்க வேண்டாமென்று எடுத்து இவளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

எமிமாவுக்கு அந்தப் பேரில் பெருமைதான். டிரம் வாசிப்பது பற்றி அவளுக்கென்று சில தீர்மானங்கள் இருந்தன, கேட்டவர்களுக்கும் சொல்வாள் கேட்காதவர்களுக்கும் சொல்வாள். "பாடுறவங்களுக்குக் கைதட்டு விழுந்தா ஓடுவாங்க. கீபோர்டுக்குப் பசிச்சா ஓடும். பேஸ் கிட்டாரு சாப்பிட்டு வந்தா இழுக்கும். நான் ஓடவும் கூடாது, இழுக்கவும் கூடாது. மாட்டுக்கு மேயுறது வேலை, கட்டுத்தறிக்கு நிக்கிறது வேலை." வேகமாக வாசிக்க வேர்வை போதும், மெதுவாக வாசிக்கத்தான் மனசு வேண்டும் என்பாள். திறந்தவெளி மேடையில் காதை நம்பினவன் கெட்டான் என்பாள், ஏனென்றால் கோயில் மதிலில் முட்டித் திரும்பி வருகிற சத்தம் நம் சத்தத்தைப் போலவே பேசி நம்மைக் கூட்டிக்கொண்டு போய்விடும், கால் மட்டும்தான் பொய் சொல்லாது. இத்தனையும் சரிதான். ஒரே ஒரு சங்கதியை மட்டும் அவள் கவனித்ததில்லை, ஊரும் சொல்லிக்காட்டியதில்லை. அவள் வாசிப்பைக் கேட்டு ஜனங்கள் கன்னத்தில் கைவைத்து அதிசயித்தார்களே தவிர, ஒருத்தரும் எழுந்து ஆடியதில்லை.

அவள் புகழ் உச்சிக்குப் போனது கொடையின் கடைசி நாளில். அன்று மஞ்சள் நீராட்டு முடிந்து சாயங்காலம் நாலு மணிக்கு நாற்சந்தியில் மேடை போட்டுக் கச்சேரி தொடங்கும். ஊரைச் சுற்றிவரும் அம்மன் சப்பரம் எப்படியும் மேடையைக் கடந்துதான் கோயிலுக்குத் திரும்ப வேண்டும். சப்பரத்துக்கு முன்னால் வரும் குடை தெருமுனையில் தலைகாட்டிய அந்த நொடியில், பாட்டு எந்த இடத்தில் இருந்தாலும் நின்றுவிட வேண்டும் என்பது ஊர் வழக்கம். பாடுகிறவர் பாதிச் சொல்லில் வாயை மூடிக்கொள்வார். சப்பரம் ஆடி அசைந்து கடக்க ஏழெட்டு நிமிஷம் ஆகும். அவ்வளவு நேரமும் பாட்டு சத்தமில்லாமல் உள்ளே திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருப்பதாகக் கணக்கு. கடைசிக் குடை கடந்ததும், ஊமையாக ஓடிய பாட்டு ஓடிவந்திருக்க வேண்டிய இடத்திலேயே வாயைத் திறக்க வேண்டும். மற்ற ஊர்க் குழுக்கள் முதலிலிருந்து பாடிவிட்டுப் போய்விடும். ராகதீபம் அப்படிச் செய்யாது, அதற்கு எமிமா இருந்தாள்.

குழுவை நடத்துகிற கீபோர்டு மாஸ்டர் குத்தாலிங்கத்தின் பெட்டியில் சத்தமில்லாமல் தாளம் எண்ணுகிற சிவப்பு விளக்கு ஒன்று உண்டு. சப்பரம் வரும்போது அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவார். எமிமா இடது குதிகாலை மட்டும் பலகையில் தூக்கித் தூக்கி வைத்து எண்ணிக்கொண்டிருப்பாள். சப்பரத்தோடு வருகிற நையாண்டி மேளமோ அதற்குச் சம்பந்தமே இல்லாத வேறு தாளத்தில் தெருவையே கிழிக்கும். கடைசிக் குடை போனதும் எமிமாவின் குச்சி விழும், மாஸ்டர் துண்டை இழுப்பார், விளக்கும் அடியும் ஒன்றாக இருக்கும், சனம் ஓவென்று கத்தும். சங்கரன்கோவில், கடையநல்லூர் டிரம்மர்களெல்லாம் பஸ் பிடித்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்து இதைப் பார்த்துவிட்டு, பெருமூச்சோடு திரும்பிப் போவார்கள்.

அந்த வருஷம் நீராட்டில் யாரோ குறும்புக்காரர்கள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீரைத் தவில் மேலேயே ஊற்றிவிட்டார்கள். தோல் நனைந்து தொளதொளவென்று ஆகிவிட, மேளக்காரர்கள் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார்கள், சப்பரம் மேளமில்லாமல் வந்தது. பத்தொன்பது வருஷமாக எமிமா சத்தத்தை எதிர்த்துத்தான் எண்ணியிருக்கிறாள், அது அவளுக்குச் சுலபம். இந்தத் தடவை எதிர்க்க ஒன்றுமே இல்லை. பதினாறு பேர் பாரம் சுமந்து நடக்கிற கால்சத்தம் மட்டும் கேட்டது. சரக், சரக், தோள் மாற்றுகிற ஒரு சின்ன நிதானம், சரக். சரக், சரக், ஒரு சின்ன நிதானம், சரக். அம்மன் அதற்கு ஏற்றாற்போல் இடுப்பைச் சாய்த்துச் சாய்த்து வந்தாள். எமிமாவின் குதிகால் அவளைக் கேட்காமலே அந்தக் கால்களோடு சேர்ந்து நடக்கத் தொடங்கிவிட்டது.

கடைசிக் குடை கடந்தது, அவள் குச்சி விழுந்தது, மாஸ்டர் துண்டை இழுத்தார், விளக்கு அதற்கு முன்பே மினுங்கி முடித்திருந்தது. ஓர் அடி தவறிவிட்டது. தவறிய அடி எமிமாவின் கணுக்காலுக்கும் அவள் காலால் மிதித்து அடிக்கும் பேஸ் டிரம்முக்கும் நடுவிலிருந்து கீழே விழுந்து, மடியிலிருந்து இறங்கிய பூனைக்குட்டி போல மேடைப் பலகையில் ஒரு கணம் நின்று, படி வழியாக இறங்கி, கூட்டத்தின் கால்களுக்கிடையில் புகுந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கமாகப் போய்விட்டது. பார்த்தவர்கள் பார்த்தார்கள், மற்றவர்களுக்குக் காலில் ஏதோ உரசியது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று மாஸ்டர் சொன்னார். எமிமா மிச்சக் கச்சேரியை ஒரு பிசகில்லாமல் வாசித்து முடித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

மூன்று நாள் அந்த அடி எங்கே தங்கியது என்று யாருக்கும் தெரியாது. நாலாம் நாள் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் பரோட்டாக் கடையில் தெரிந்தது. கொத்து பரோட்டா போடுகிற இசக்கியின் கரண்டிச் சத்தம் அன்று மாறியிருந்தது. டிக்கெட் எடுத்து பஸ்ஸில் உட்கார்ந்திருந்த நாலு பேர் அதைக் கேட்டு இறங்கி வந்துவிட்டார்கள்.

"எலே இசக்கி, கையில என்னல வச்சிருக்க?" என்று அவர்களில் ஒருவர் கேட்டார்.

"தெரியல அண்ணாச்சி. கடைசி வெட்டுக்கு முன்னால கை தானா நிக்கி. நின்னுட்டு விழுது. நிக்கிற எடத்துல வெதுவெதுன்னு இருக்கு, கோழி எந்திரிச்சுப் போன எடம் மாதிரி."

எமிமா தவறவிட்ட அடிதான் அது என்று சொல்ல ஜோசியக்காரர் தேவைப்படவில்லை. அங்கிருந்து அது பள்ளிவாசல் தெருவுக்குப் போயிற்று. அங்கே பீடி சுற்றுகிற பெண்கள் வரிசையாக மடியில் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள், இலையை வைத்து, தூளைப் போட்டு, சுருட்டி, அங்கே ஒரு நிதானம் வந்து உட்கார, பிறகு மடக்கி, நூல் சுற்றி, அறுபது கைகளும் ஒரே சமயத்தில் நிற்கவும் ஒரே சமயத்தில் இறங்கவும் தொடங்கின, பத்து வருஷமாகக் கழுத்து வலி என்றவர்கள் அந்த வாரம் தைலப் புட்டியைத் தேடவே இல்லை. அங்கிருந்து ஞானசிகாமணியின் டவுன் பஸ்ஸுக்குப் போயிற்று. ரெண்டாவது கியரிலிருந்து மூணாவதுக்கு மாறும் இடத்தில் அது உட்கார்ந்துகொள்ள, குண்டும் குழியுமான ரோட்டில் பஸ் அம்மன் சப்பரம் போல் சாய்ந்து சாய்ந்து போக, நின்றுகொண்டு வருகிறவர்களும் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஒரே பக்கமாக நிமிர, வழக்கமாக வாந்தி எடுக்கிறவர்கள் எலுமிச்சம்பழத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வரத் தொடங்கினார்கள்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் லெப்ட் சொன்ன பிறகு ஒரு மூச்சு விட்டுத்தான் ரைட் வைத்தார்கள். விளையாட்டு வாத்தியார் தொண்டை கிழியக் கத்திப் பார்த்துவிட்டு மேலிடத்துக்கு எழுதிப்போட, அதிகாரி ஒருவர் விறைப்பாக ஜீப்பில் வந்து இறங்கி ஒரு மணி நேரம் அணிவகுப்பைப் பார்த்தார். திரும்பி ஜீப்புக்குப் போகும்போது அவரும் அதே நடையில்தான் போனார் என்று டிரைவரே சொன்னார். சாக்கடைத் தகராறில் ஏழு வருஷமாக முகம் பார்க்காத இரண்டு வீட்டார் வழக்கம்போல் வாசலில் நின்று ஏசிக்கொண்டபோது, ஒவ்வொரு வசவுக்கு முன்னாலும் ஓர் இடைவெளி விழ, வரப்போகிற வசவு என்னவென்று எதிராளிக்கு முன்கூட்டியே தெரிந்துபோக, ஒரு கட்டத்தில் இரண்டு பேரும் சிரித்துத் தொலைத்துவிட்டார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய நன்மை காசிமுக்குத்தான் நடந்தது. ஊரில் எந்த விசேஷம் என்றாலும் மைக் செட் போடுகிறவர் காசிம், எமிமாவின் பக்கத்து வீட்டுக்காரர், பீடி சுற்றும் மைதீன் பாத்துவின் கணவர். அவருக்குச் சின்ன வயசிலிருந்தே பேச்சு திக்கும். முதல் எழுத்தில் மாட்டிக்கொண்டு முகம் சிவந்து நிற்பார், நிற்கிறவரைப் பார்க்கப் பொறுக்காமல் எதிரே இருக்கிறவர்கள் அவர் சொல்ல வந்ததைத் தாங்களே சொல்லிமுடித்து விடுவார்கள். உதவி செய்வதாகத்தான் அவர்கள் நினைப்பு. அதனால் முப்பது வருஷமாக மைக் செட் வைத்திருந்தும் மைக்கில் ஒரு வார்த்தை பேசியதில்லை, விரலால் இரண்டு தட்டு தட்டிவிட்டு மேடையிலிருந்து இறங்கிவிடுவார். அந்த அடி அவர் வீட்டுக்கு வந்த நாளில் காசிம் வாயைத் திறந்தார், நின்றார், நின்ற இடம் சுவராக இல்லாமல் திண்டு போட்ட இருக்கையாக இருந்தது, அதில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழுந்து "மைதீன் பாத்து" என்று தன் மனைவியின் பேரை முழுசாகச் சொன்னார். நிக்காஹ் நடந்து இருபத்தாறு வருஷத்தில் அவள் அதைக் கேட்டது அன்றைக்குத்தான். அடுத்த வாரம் ஒரு காதுகுத்து வீட்டில் "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்று அவர் குரல் நாலு குழாய் ஸ்பீக்கரிலும் கேட்டபோது தெருவே வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றது.

ஊர் கூடியது. வலிய வந்த சீதேவியை யாராவது எட்டி உதைப்பார்களா என்று பெரியவர்கள் கேட்டார்கள். எமிமாவிடமிருந்து விழுந்த அடி இனி ஊருக்குப் பொது என்றும், அதை யாரும் வீட்டுக்குள் அடைத்துவைக்கக் கூடாது என்றும், அது எப்போது வந்தாலும் உட்கார வசதியாகப் பஜார் டீக்கடையில் ஒரு ஸ்டூல் காலியாக விடப்பட வேண்டும் என்றும் பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டுக் கையெழுத்தும் வைத்தார்கள். அன்றிலிருந்து கடை எவ்வளவு நெரிந்தாலும் அந்த ஸ்டூலில் ஒருத்தரும் உட்காரவில்லை. விவரம் தெரியாமல் உட்காரப் போன எண்ணெய்க் கம்பெனி விற்பனையாளர் ஒருவரைப் பத்துப் பேர் சேர்ந்து எழுப்பிவிட்டார்கள்.

எமிமா இருக்கும் இடத்தில் மட்டும் அது இருப்பதில்லை. அவள் பரோட்டாக் கடை வாசலை மிதித்ததும் இசக்கியின் கரண்டி பழையபடி டக்கு டக்கென்று அடிக்கும். பள்ளிவாசல் தெருவில் அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் அறுபது கைகளும் ஆளுக்கொரு பக்கம் சிதறும். அவள் ஏறினால் பஸ் நூல் பிடித்தாற்போல் போகும், பின்சீட்டில் யாராவது வாந்தி எடுப்பார்கள். ஒரு காலையில் ஞானசிகாமணி தலையைச் சொறிந்துகொண்டு, "ஏ பிள்ள, இன்னைக்கு ஒரு நாள் ஆட்டோல போயிரேன். கர்ப்பிணிப் பொம்பளைங்க நாலு பேரு ஆஸ்பத்திரிக்கு வாராங்க" என்றார். எமிமா ஆட்டோவிலும் போகவில்லை. வெயிலில் இரண்டு மைல் நடந்தாள். தன் உடம்பிலிருந்து போன ஒன்று ஊரில் அத்தனை பேரோடும் குலாவிக்கொண்டு தன்னைக் கண்டால் மட்டும் எழுந்து ஓடுகிறதே என்று அவளுக்கு அழுகை வந்தது, அழுகையைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

வெளியூர்க் கச்சேரிகளில் ஒரு குறையும் இல்லை. உள்ளூரில்தான் வினை. தை மாசத்தில் பஜாரில் நடந்த கல்யாண வரவேற்பில் அவள் வாசிக்க, சனம் கைதட்ட, கைதட்டல் எல்லாம் அவள் அடி விழாத இடத்தில் போய் விழுந்தது. ஆட எழுந்த இளவட்டங்கள் தங்கள் கால்களிலேயே தடுக்கிக்கொண்டார்கள், மாப்பிள்ளையின் தாய்மாமா வாழைமரத்தோடு சேர்ந்து சாய்ந்தார். மறுநாள் குத்தாலிங்கம் மாஸ்டர் அவள் வீட்டுக்கு வந்து காபியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"நீ தப்பா வாசிக்கன்னு நான் சொல்லமாட்டேன். விளக்கு சொல்லுது, நீ சரின்னு. ஆனா ஊரு விளக்கோட நடக்கலையே எமிமா. கொடைக்குக் கோவில்பட்டி டிரம்மர் ஒருத்தர்ட்ட பேசியிருக்கேன்."

எமிமா மூலையில் கிடந்த குச்சிகளைக் கையில் எடுத்தாள். "அதே மேடை, அதே பாட்டு, ஒரே ஒரு தடவை குடுங்க மாஸ்டர். நான் அதைப் புடிச்சிருதேன். புடிக்க முடியலைன்னா குச்சிய அவருகிட்ட நானே குடுத்துட்டு எறங்கிருதேன்."

தவறிப்போன அடியைப் பிடிக்க ஒரு வழி உண்டென்பது டிரம்மர்களுக்குத் தெரியும். விழுந்த அடி ஒரு வருஷம் ஊர்சுற்றும், வருஷம் திரும்புகிற அன்று அதே பாட்டின் அதே இடத்துக்குத் தானாக வந்து நிற்கும், அப்போது பிசகாமல் குச்சியைப் போட்டு அதன் வாயை மூடிவிட்டால் மறுபடி அது வாசித்தவர்களுக்கே சொந்தம், அப்புறம் சாகும்வரை அவர்களை விட்டுப் போகாது. எமிமா அந்த வழியைத்தான் நினைத்திருந்தாள். அந்த நினைப்பு எப்படியோ வீட்டுக் கதவைத் தாண்டி வெளியே போய்விட்டது. உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியுமா? கொடைக்கு முந்தின வாரம் ஊரில் வேறு பேச்சே இல்லை. அவள் பொருள், அவள் எடுக்கிறாள் என்றார்கள் சிலர். அவள் வேண்டாமென்று போட்டதுதானே, இப்போது என்ன உரிமை என்றார்கள் சிலர். இசக்கி அவளைக் கண்டால் கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

கச்சேரிக்கு முந்தின நாள் மத்தியானம் மைதீன் பாத்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து எமிமாவின் அடுப்படி வாசலில் நின்றாள்.

"ஏ புள்ள, ஒன் பொருளு. நீ எடுத்துக்கோ. வேண்டாம்னு சொல்ல நான் யாரு."

"உக்காருங்க பாத்துக்கா."

"உக்கார வரல. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன். நாளைக்கு மேடையேறுறதுக்கு முந்தி எனக்கு ஒரு குரல் குடுத்துரு. எம்பேரை இன்னொரு தடவை சொல்லச் சொல்லி அவுகள்ட்ட கேட்டு வச்சுக்கிடுதேன்."

எமிமா அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். "எனக்கும் அது வேணும்லக்கா" என்றாள். "எல்லார்கிட்டயும் ஒரு நாளாவது இருந்திருக்கு. பெத்த என்கிட்ட மட்டும் ஒரு நிமிஷம் நிக்கல."

பாத்து அவள் கன்னத்தை ஒரு தரம் தொட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் எமிமா குச்சிகளை எடுத்துக்கொண்டு பஜார் வழியாக மேடைக்கு நடந்தாள். அவள் வருவது தெரிந்து கடைகளில் பேச்சு அடங்கியது. டீக்கடை நிரம்பி வழிந்தது, கொடைக்கு வந்த விருந்தாளிகள் கண்ணாடித் தம்ளரோடு தெருவில் நின்று குடித்துக்கொண்டிருந்தார்கள், எழுபது வயசுக்காரர் ஒருவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நடுவில் அந்த ஸ்டூல் மட்டும் காலியாக, யாரோ துடைத்து வைத்த மாதிரி பளபளவென்று இருந்தது. எமிமா அதைப் பார்த்தபடியே நடந்து போனாள்.

நாலு மணிக்குக் கச்சேரி தொடங்கியது. கோவில்பட்டி டிரம்மர் பின்பக்கம் ஒரு நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார். காசிம் மைக்கை விரலால் தட்டிவிட்டு, ஒன்றும் பேசாமல் தன் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். பேச்சு நாளைக்கு இருக்குமோ இருக்காதோ என்கிறபோது இன்றைக்குப் பேசிப் பழகுவானேன் என்று நினைத்தாரோ என்னவோ. ஐந்தாவது பாட்டு, போன வருஷத்துப் பாட்டு, பாதியில் போய்க்கொண்டிருந்தபோது தெருமுனையில் குடை தெரிந்தது. பாட்டு நின்றது. மாஸ்டர் விளக்கின் மேல் துண்டைப் போட்டார். இந்தத் தடவை மேளம் நன்றாகவே காய்ந்த தோலோடு இடிமாதிரி வந்தது. ஆனால் மேடைக்கு எதிரே வந்ததும் மேளக்காரர்கள் தாங்களாகவே கோலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஊரே அடங்கியது. பதினாறு பேரின் கால்கள் மட்டும் கேட்டன. சரக், சரக், ஒரு சின்ன நிதானம், சரக்.

எமிமா குதிகாலை இறுக்கிக்கொண்டு எண்ணினாள். அம்மன் கடந்தாள். குடைகள் ஒவ்வொன்றாகக் கடந்தன. அப்போது படியேறி அது வந்தது. போன மச்சான் திரும்பி வந்தான் பூமணத்தோடே என்பார்களே, அதுமாதிரி கொத்து பரோட்டாவும் பீடித் தூளும் டீசலும் மணக்க மணக்க வந்து, அவள் கணுக்காலுக்கும் பேஸ் டிரம்முக்கும் நடுவில் தன் பழைய இடத்தைத் தேடி நின்றது. அந்த வெதுவெதுப்பை எமிமா முதல் தடவையாகத் தன் காலில் உணர்ந்தாள். கடைசிக் குடை கடந்தது. குச்சியை ஓங்கினாள். இறக்கினால் போதும், அவ்வளவுதான் வேலை.

ஓங்கிய கைக்குக் கீழே அவளுக்குக் காசிம் தெரிந்தார், இரண்டு உதட்டையும் இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். அவருக்குப் பக்கத்தில் பாத்து நின்றாள். அவர்களுக்குப் பின்னால் நாலாயிரம் முகங்கள். ஒரு தாளமும் தெரியாத சனங்கள், சரியாகக் கைதட்டக்கூடத் தெரியாத சனங்கள், அவர்கள் இதற்கு ஒரு ஸ்டூலைக் காலியாக விட்டு வைத்தார்கள், நான் பத்தொன்பது வருஷத்தில் இது உட்கார ஓர் இடம் விட்டதில்லையே, ஒவ்வொரு இடத்திலும் நானே அல்லவா ஏறி உட்கார்ந்திருந்தேன் என்று அவளுக்குத் தோன்றியது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு சேர்ந்து சந்தோஷமும் வந்தது.

அவள் குச்சியை இறக்கவில்லை. மாஸ்டர் துண்டை இழுத்தார், சிவப்பு விளக்கு மட்டும் தனியாக மினுங்கியது. போன வருஷம் தவறிய அதே இடம். போன வருஷம் விழுந்தது, இந்த வருஷம் அவள் விட்டாள். விட்ட இடத்தில் அது ஏறி உட்கார்ந்தது, உட்கார்ந்ததை நாலாயிரம் பேரும் தங்கள் உள்ளங்காலில் அறிந்தார்கள், எமிமாவின் வலது கால் அதற்கடுத்த அடியைப் போட்டபோது நாலாயிரம் கால்கள் அவளோடு சேர்ந்து தரையில் விழுந்தன. அடி, அடி, ஓர் இடம், அடி. அடி, அடி, ஓர் இடம், அடி. பாடகர் ஊமையாக ஓடிவந்த பாட்டை அது வந்து நின்ற சொல்லிலிருந்து பாடினார், பேஸ் கிட்டார் இழுக்காமல் வந்தது, கீபோர்டு ஓடாமல் வந்தது, இசக்கி எங்கிருந்தோ கரண்டிகளைக் கொண்டுவந்து இரும்புக் கம்பத்தில் வெட்டினான், பீடிப் பெண்களின் அறுபது கைகளும் காற்றில் எழுந்து நின்று இறங்கின, ஞானசிகாமணி சாயங்கால டிரிப்பைப் பாதி வழியில் நிறுத்திப் பயணிகளோடு இறங்கி வந்து ஆடினார், கோவில்பட்டி டிரம்மர் தன் குச்சிகளை நாற்காலியில் வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். எமிமா அதைப் பிடிக்கவில்லை, அதுவும் அவளை விட்டுப் போகவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அவள் இடம் விட்டாள், ஒவ்வொரு சுற்றிலும் அது வந்தது.

அந்த ஊரில் சப்பரம் ஒருதரம் கடந்துவிட்டால் திரும்பிப் பார்த்த சரித்திரம் இல்லை. அன்றைக்கு அது கோயில் வாசல்வரை போய்விட்டது. அங்கே பதினாறு பேரின் கால்களும் ஒரு நிதானத்தில் நின்றன, பிறகு, யாரும் சொல்லாமல், பூசாரியும் தடுக்காமல், அப்படியே திரும்பின. அம்மன் மேடைக்கு எதிரே வந்து, பாட்டு முடியும்வரை இடுப்பைச் சாய்த்துச் சாய்த்து நின்றுவிட்டுத்தான் போனாள். மாஸ்டர் விளக்கைத் துண்டோடு சேர்த்துச் சுருட்டிப் பைக்குள் போட்டார், அதற்குப் பிறகு எந்தக் கொடையிலும் அதை வெளியே எடுக்கவில்லை.

பாட்டு முடிந்தது. ஊர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது காசிம் மேடையேறினார். மைக்கை விரலால் தட்டவில்லை. கையில் பிடித்து வாய்க்கு நேராகக் கொண்டுவந்தார்.

"இப்போ டிரம்ஸ் வாசிச்சது" என்றார். அங்கே நின்றார்.

வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. முந்தின காலமாக இருந்தால் நாலாயிரம் பேரும் அந்தப் பேரை எடுத்துக்கொடுத்திருப்பார்கள். அன்று ஒருத்தரும் எடுத்துக்கொடுக்கவில்லை. பாத்து எடுத்துக்கொடுக்கவில்லை, முன்வரிசைச் சங்கரன்கோவில் டிரம்மர்கள் எடுத்துக்கொடுக்கவில்லை. ஊர் முழுவதும் அந்த இடத்தைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. மணிக்கூண்டு என்று பேர் வாங்கியவளும் குச்சிகளை மடியில் வைத்துவிட்டு, எத்தனை நொடி என்று எண்ணாமல் காத்திருந்தாள்.

"எமிமா" என்றார் காசிம்.